குடலின் ஓசைக்கு ஒரு சொல்

உத்தரகோசமங்கை என்றதும் மாணிக்கவாசகரின் நீத்தல் விண்ணப்பமும் மரகத நடராசரும் வாசகர்களுக்கு நினைவில் எழுவது இயல்பே. ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருக்கும் அத்திருமேனி, மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டுமே காப்புக் களையப்பெறும். மத்தள முழக்கத்தின் அதிர்வுகூட மரகதத்துக்கு ஊறு செய்துவிடும், அதனாலேயே சந்தனம் சாத்தப்படுகிறது என்பது இவ்வட்டாரத்தின் நம்பிக்கை. ஓசையின் வலிமையை இவ்வளவு நுட்பமாக எண்ணிப் பார்த்த ஊரிலிருந்து நாம் பேச வந்தது வேறோர் ஓசையைப் பற்றி. அது மனித வயிற்றுக்குள் எழுவது.

சில ஆண்டுகளுக்கு முன், அவ்வூரில் வாழும் அப்பத்தா முறையான மூதாட்டி ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். “ரெண்டு நாளா வயிறு கடமுடன்னு இரைஞ்சுக்கிட்டே கெடந்துச்சுய்யா. இன்னைக்குச் சத்தத்தையே காணோம். கல்லாட்டம் கெடக்கு” என்றார். சீட்டில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதோ வயிற்றுவலி என்ற ஒன்றுதான். மாலையில் வந்த மூத்த மருத்துவர் மறுபடியும் கேட்டார், ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்து நெடுநேரம் காத்திருந்தார், குடலடைப்பு என்றார். அன்றிரவே அறுவை நடந்தது. அப்பத்தா பிழைத்தார். இரைச்சலும் அதன்பின் வந்த மௌனமும் அந்நோயின் வரலாற்றையே சொல்லியிருந்தன. சீட்டுக்கு வரும் வழியில் அவ்வரலாறு உதிர்ந்துவிட்டது. மொழிபெயர்ப்பில் இழப்பு உண்டு என்று வகுப்பில் கவிதையை வைத்துக் கற்பித்து வந்த நமக்கு, உயிரை வைத்துக் கற்பித்த நாள் அது.

உடலின் ஓசைக்குப் பெயரிடுவது எம்மொழிக்கும் எளிதாக இருந்ததில்லை. 1816இல் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டறிந்த பிரெஞ்சு மருத்துவர் லென்னெக், 1819இல் வெளியிட்ட நூலில் மூச்சில் கேட்கும் ஒருவகை ஓசையை ‘ரால்’ என்றார். மக்கள் வழக்கில் அச்சொல் சாகும் தறுவாயில் தொண்டையில் எழும் ஓசையைக் குறித்தது. நோயாளி அஞ்சுவாரே என்று, அவர் முன்னிலையில் ‘ரோங்கஸ்’ என்ற இலத்தீன் சொல்லைக் கையாண்டார். 1821இல் ஜான் ஃபோர்ப்ஸ் அந்நூலை ஆங்கிலமாக்கினார். அன்று தொடங்கிய பெயர்க் குழப்பம் மருத்துவ உலகில் நெடுங்காலம் நீடித்தது. குடலோசைக்குக் கிரேக்கர் இட்ட ‘போர்போரிக்மோஸ்’ என்ற பெயரோ, பொருள் அறியாதவர் காதிலும் வயிறு உருள்வதைப் போலவே ஒலிக்கிறது.

பால்டிக் கடலோரத்து லித்துவானிய மொழியில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆங்கில மருத்துவர் ‘குடலோசை கேட்கிறது’ என்று எழுதும் இடத்தில், அம்மொழியினர் ‘பெரிஸ்டால்டிகா கேட்கிறது’ என்று எழுதும் வழக்கம் உடையவர்கள். பெரிஸ்டால்சிஸ் என்பது குடற்சுவரின் அலையசைவு. அசைவு காதுக்குக் கேட்பதன்று. அது வாயுவையும் நீரையும் தள்ளும்போது எழுவதே ஓசை. இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஆங்கில வாசகர் மயங்குவார். கருத்தை நோக்கிப் பெயர்ப்பவரே குடலோசை என்று எழுதுவார். காதில் விழுந்ததை எழுதுவதா, அதன் காரணமாக நாம் ஊகித்ததை எழுதுவதா என்பதே இங்குள்ள வினா.

இவ்வினாவுக்கு விடை தேடுவோர் பாக்கு நீரிணையைக் கடந்து யாழ்ப்பாணம் செல்ல வேண்டும். 1847இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக அங்கு வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நடந்த கல்வியை 1860களில் தமிழுக்கு மாற்றினார். அவரும் அவருடைய மாணவர்களும் மேலை மருத்துவ நூல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தமிழாக்கினர். கலைச்சொல் ஆக்கத்தில் அவர் கொண்ட வரிசை தெளிவானது: முதலில் தமிழில் தேடுக, இல்லையேல் வடமொழியில் தேடுக, அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிப்படுத்துக. நூற்பெயர்களே இதற்குச் சான்று. ‘இரண வைத்தியம்’ மக்கள் அறிந்த சொற்களால் ஆனது. உடலியலைக் குறிக்கும் ‘சுகரணம்’ வடமொழி வழியில் பிறந்தது. ‘கெமிஸ்தம்’ ஆங்கிலம் தமிழுடை தரித்தது.

1873இல் தாயகம் திரும்பிய பின்னும் கிறீன் தமிழ் நூல்களின் பணியை விடவில்லை, 1884இல் மறைந்தார். அவர் கண்ட தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப்பின் நிலைக்கவில்லை. 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியற் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் கண்டதும், 1930களில் சாம்பசிவம் பிள்ளையின் மருத்துவ அகராதி வெளிவரத் தொடங்கியதும் அதே தாகத்தின் தொடர்ச்சி என்க.

கிறீனின் வரிசையை ஓசைச் சொற்களுக்குப் பொருத்தினால் நாம் முதற்படியைத் தாண்ட வேண்டியதே இல்லை. தொல்காப்பிய உரியியல் இசைப்பொருள் தரும் சொற்களையும் கம்பலை, சும்மை முதலிய அரவப்பொருள் தரும் சொற்களையும் தனித்தனியே வகுத்துக் காட்டுகிறது. இரட்டைக்கிளவியோ இன்றும் ஒவ்வொரு நாவிலும் உயிரோடு இருக்கிறது. வாயுவும் நீரும் உருள்வது கடமுட. நீர் மிகுந்தது களகள. குடலடைப்பில் மருத்துவர் காதில் விழும் மெல்லிய உச்ச ஓசையைக் கிண்கிண் என்றால் எவருக்கும் விளங்கும். இவற்றிற்கெல்லாம் பொதுப்பெயராக ‘இரைச்சல்’ இருக்கிறது. இராமேசுவரக் கரையில் கடல் இரைகிறது. ஈளை நோயில் மூச்சு இரைக்கிறது. அப்பத்தாவின் வயிறும் இரைந்தது. உள்ளே ஏதோ இயங்கிக்கொண்டிருப்பதன் அறிகுறி என்ற பொருளை அச்சொல் தன்னுள் சுமந்தே வருகிறது.

மக்கள் சொல் துல்லியமற்றது, அறிவியலுக்கு ஆகாது என்பார் உளர். பசித்தவரும் நோயுற்றவரும் ஒரே சொல்லால் வயிறு இரைவதாகக் கூறுவர் என்பது மெய்தான். ஆனால் எப்போது தொடங்கியது, எப்போது நின்றது என்று அடுத்த வினாவைக் கேட்டால் துல்லியம் தானே வந்து சேரும். சொல்லைத் தள்ளிவிட்டால் அவ்வினாவைக் கேட்கவே வழியில்லை. கலைச்சொல் என்பது அறிஞர் அவையில் மட்டும் பிறப்பதன்று. நோயாளி சொன்னதையும் மருத்துவர் கேட்டதையும் ஒரே சொல் குறிக்குமானால் அதைவிடச் சிறந்த கலைச்சொல் வேறில்லை.

அப்பத்தா இப்போதும் திருவாதிரைக்குக் கோயிலுக்குப் போகிறார். வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டால், “இரைஞ்சுக்கிட்டுத்தான்யா இருக்கு, நல்லா இருக்கு” என்கிறார். இதைவிடச் செறிவான மருத்துவக் குறிப்பை நாம் எங்கும் படித்ததில்லை.