இரண்டு ஸ்டேஷன்களும் ஒரு கிணறும்

தாம்பரத்தில் ஏறி பீச் பக்கம் போகிறவர்களுக்கு அடுத்தடுத்து இரண்டு ஸ்டேஷன்கள் வரும். தாம்பரம் சானடோரியம், குரோம்பேட்டை. ஒன்றின் பெயரில் காசநோய் மருத்துவமனை இருக்கிறது, இன்னொன்றின் பெயரில் தோல் பதனிடும் தொழில் இருக்கிறது. சாமி பெயரும் தலைவர் பெயரும் நிறைந்த நம்ம ஊரில், தொழிலின் பெயரைத் தாங்கிய ஸ்டேஷன்கள் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் வருவது அபூர்வம்.

பத்து வருஷத்துக்கும் மேலாக இந்த வழியில் போய் வருகிறேன். எனக்கு இது தோன்றியதே இல்லை. சொன்னவர் பெரியப்பா. நாகல்கேணியில் ஒரு டேனரியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஐடி வேலை எவ்வளவு பெரிய விஷயம் என்று அளந்துகொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிடா, உங்க வேலை பேர்ல எவனாச்சும் ஒரு ஸ்டேஷன் வைப்பானா?" என்றார்.

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் கேள்வி விடவில்லை. ஒரு தொழிலை ஊர் எப்போது மதிக்கிறது? எப்போது நம்புகிறது? இரண்டும் ஒன்றுதானா?

குரோம்பேட்டையிலிருந்தே தொடங்கலாம்.

நம்மூரில் தோலைப் பதனிட ஆவாரம்பட்டைதான். பட்டைச் சாறில் வாரக்கணக்கில் தோல் ஊற வேண்டும். குரோமிய உப்பில் பதனிட்டால் அந்த வேலை ஓரிரு நாளில் முடியும், தோலும் தண்ணீருக்கும் சூட்டுக்கும் தாங்கும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெட்ராஸில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் இந்த முறையைச் சோதித்துப் பார்த்தார். பிறகு ஜி.ஏ. சேம்பர்ஸ் பல்லாவரம் பக்கம் குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்கினார். கம்பெனியைச் சுற்றி ஊர் வளர்ந்தது, ஊருக்கு கம்பெனியின் பெயரே நிலைத்தது. அந்தக் காலத்து மனிதருக்கு குரோம் என்பது நமக்கு 'ஏஐ' மாதிரி ஒலித்திருக்கும் என்று நினைக்கிறேன். புதுசு, வேகம், வெளிநாட்டுச் சரக்கோடு போட்டி போடும் சரக்கு. வியந்தார்கள். வியக்கத்தக்கதுதான்.

ஆனால் தொட்டியில் போட்ட குரோமியம் முழுவதையும் தோல் குடித்துவிடாது. கணிசமான பங்கு கழிவுநீரோடு வெளியே போகும். தோல் அழுகாமலிருக்கப் போட்ட உப்பும் கூடவே போகும். எங்கே போகும்? பல்லாவரம், நாகல்கேணிப் பக்கத்துக் கிணறுகளைக் கேட்டால் தெரியும். பெரியப்பா வீட்டுக் கிணற்றுக்கு இப்போது சிமெண்ட் மூடி போட்டிருக்கிறது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் குடிக்க லாரித் தண்ணீர், பிறகு கேன் தண்ணீர்.

இந்தத் தவறை எடுத்துச் சொன்னது யார்? தொழில் தானாக முன்வந்து சொல்லவில்லை. பாலாற்றங்கரையில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. ஐந்து மாவட்டங்களின் டேனரிகளுக்கு அது பொருந்தியது. அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் அதில் ஒன்று. பல்லாவரமும் குரோம்பேட்டையும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். சுத்திகரிப்பு ஏற்பாடு செய், இல்லையென்றால் மூடு என்றது நீதிமன்றம்.

இதை வைத்து டேனரிக்காரர்களைத் திட்டுவது எளிது. அந்தத் தோலில் செய்த ஷூவைப் போட்டுக்கொண்டுதான் நான் இன்டர்வியூவுக்குப் போனேன் என்பதையும், தொட்டியில் இறங்கி நின்றவர்கள் பெரும்பாலும் யார் என்பதையும் மறந்துவிட்டுத் திட்ட வேண்டும். என்னால் முடியவில்லை. நான் கவனிப்பது ஒரே ஒரு விஷயத்தை. கிணறு கெட்டுப் பல வருஷம் கழித்து, கெட்ட தண்ணீரைக் குடித்தவர்களே கோர்ட்டுக்குப் போய்த்தான் தொழிலின் கணக்கைத் திறக்க முடிந்தது.

இப்போது ஒரு ஸ்டேஷன் பின்னால் போகலாம்.

1928-இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து தாம்பரம் மலையடிவாரத்தில் காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் சானடோரியம் நடத்திய அனுபவம் அவருக்கு. அப்போது காசநோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, வீட்டிலிருந்து விலகி இருத்தல். இதுதான் சிகிச்சை. 1937-இல் மெட்ராஸ் அரசு அதை எடுத்துக்கொண்டது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மேல் பெரிய மரியாதை இருந்தது. ஒரே சிக்கல், நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் படுக்கைகள் கைப்பிடி அளவு.

1940-களில் மருந்துகள் வந்தன. மருந்து இருந்தாலும் படுக்கை வேண்டுமா என்ற கேள்வியும் வந்தது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கின. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். மெட்ராஸின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். பாதிப்பேர் வீட்டில், பாதிப்பேர் சானடோரியத்தில். இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். யார் எங்கே என்பதை எந்த மருத்துவரும் முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி பிரித்தார்கள்.

1959-இல் முடிவை வெளியிட்டார்கள். நெருக்கமான வீட்டில், குறைவான சாப்பாட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய சமமாகவே குணமாகியிருந்தார்கள். வீட்டில் வைத்துச் சிகிச்சை கொடுத்ததால் குடும்பத்தினருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகம் சானடோரியத்தை விட்டு வீட்டுச் சிகிச்சைக்கு மாற இந்த மெட்ராஸ் ஆய்வு முக்கியமான காரணம்.

இதை முதன்முறை படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு தொழில் தன்னுடைய மிக மதிப்பான சரக்கை எடுத்து, 'இது உண்மையில் தேவைதானா?' என்று தானே சோதித்து, 'பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை' என்று தானே அச்சடித்துச் சொல்லியிருக்கிறது.

ஒரு தடவை நடந்த அதிர்ஷ்டம் என்றும் சொல்ல முடியாது. 1948-இல் கிண்டியில் பிசிஜி தடுப்பூசி ஆய்வகம் தொடங்கி, நாடு முழுக்க ஊசி போட்டார்கள். 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் அந்த ஊசியையே சோதித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று 1979-இல் முடிவு வெளிவந்தது. எவ்வளவு சங்கடமான முடிவு! மறைக்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோய்களிலிருந்து அது காப்பதால் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறோம். எது பலிக்கும், எது பலிக்காது என்று சொல்லிவிட்டுப் போடுகிறோம்.

மருத்துவர்கள் டேனரி முதலாளிகளைவிட நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் உண்மை கிடைக்காமல் நின்ற குடும்பங்கள் எனக்கே தெரியும். நல்ல மனசை நம்பாமல் செய்த ஏற்பாடுதான் இங்கே காப்பாற்றியது. சீட்டுக் குலுக்கியதால் மருத்துவரின் ஆசை முடிவில் கலக்கவில்லை. அச்சில் வந்ததால் மேலதிகாரியின் வெட்கம் அதை மூடவில்லை.

நான் போகும் ரயிலிலும் இந்த ஏற்பாடு உண்டு. 1931-இல் பீச் - தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. பத்து வருஷம் கழித்து, 1941-இல், ரயில் விபத்தை விசாரிக்கும் அதிகாரிகளை ரயில்வே வாரியத்தின் பிடியிலிருந்து பிரித்தார்கள். இன்றும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார். திரிசூலத்தில் ஏர்போர்ட்டைத் தாண்டும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். தண்டவாளத்தில் நடந்த தப்பை, தண்டவாளத்துக்காரரிடம் சம்பளம் வாங்காதவர் விசாரிக்க வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

சரி, என் தொழில்?

பல வருஷம் முன்பு, வேறொரு கம்பெனியில், கடன் தவணை கணக்கிடும் நிரல் ஒன்றை எழுதினேன். 31-ஆம் தேதி தவணை உள்ளவர்களுக்கு, 31 இல்லாத மாதத்தில் அடுத்த மாதம் 1-ஆம் தேதி வரை கட்டலாம் என்பது விதி. நான் 30 என்று எழுதிவிட்டேன். ஒன்றாம் தேதி ஒழுங்காகக் கட்டியவர்களுக்கெல்லாம் தாமத அபராதம் விழுந்தது. ஒருவருக்குச் சில நூறு ரூபாய். சில மாதங்கள் கழித்துக் கண்டுபிடித்ததும் நானேதான். அறிக்கையில் 'தவறாக அபராதம் வசூலிக்கப்பட்டது' என்று எழுதினேன். மேலே போய்த் திரும்பி வந்தபோது அந்த வரி 'தேதி கையாளுதலில் மேம்பாடு' என்று மாறியிருந்தது. "பழைய காசைத் திருப்பித் தரணுமே?" என்று கேட்டேன். "க்ளையன்ட் கேக்கல" என்றார்கள். இரண்டாவது தடவை நான் கேட்கவில்லை.

இதைப் பெரியப்பாவிடம் அடுத்த முறை போனபோது சொன்னேன். ஸ்டேஷன் கேள்விக்குப் பதில் மாதிரிதான்.

கிணற்று மூடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நாங்க தண்ணியக் கெடுத்தோம்டா, ஒத்துக்கறேன். ஆனா வாளிய விட்டா தெரிஞ்சுது. கலர் தெரிஞ்சுது, நாத்தம் தெரிஞ்சுது. சனங்க கேஸ் போட்டாங்க. உங்க தப்பு எந்தக் கிணத்துல தெரியும்?"

பதில் இல்லை. அந்த முந்நூறு ரூபாய் போனவர்களுக்கு அது போனதே தெரியாது. தெரிந்தாலும் தாங்கள்தான் தாமதமாகக் கட்டினோம் என்று நினைத்திருப்பார்கள். எங்கள் தொழிலில் தப்பைச் செய்கிறவர், கண்டுபிடிக்கிறவர், அதற்குப் பெயர் வைக்கிறவர் மூவரும் ஒரே மாடியில் உட்கார்ந்திருக்கிறோம். ஊர் எங்களை வியக்கிறது, பெண் கொடுக்கிறது, வீட்டு வாடகையை ஏற்றுகிறது. நம்புவதற்கு நாங்கள் இன்னும் எதையும் திறந்து வைக்கவில்லை.

சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒருபுறம் அந்தப் பழைய மருத்துவமனை, இன்னொருபுறம் 1984-இல் வந்த மெப்ஸ். கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு கூட்டம் அங்கே இறங்கும். பையில் எக்ஸ்ரே கவரோடு இன்னொரு கூட்டமும் அதே பிளாட்பாரத்தில் இறங்கும். 1993-இலிருந்து, பல இடங்கள் தொடத் தயங்கிய எச்ஐவி நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டதும் அந்த மருத்துவமனைதான். தேவையில்லை என்று தெரிந்த படுக்கைகள் வேறொரு தேவைக்குத் திரும்பின.

இப்போதிருக்கும் வேலையில், கோளாறு அறிக்கை எழுதும்போது முதல் மூன்று வரியை நான் யாருக்கும் விட்டுத் தருவதில்லை. யாருக்கு நஷ்டம், எவ்வளவு, அவர்களுக்குச் சொன்னோமா. மூன்றாவது வரியில் பல தடவை 'இல்லை' என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. இரண்டு தடவை அந்த 'இல்லை'யைப் பார்த்துவிட்டு ஒருவர் போனை எடுத்துச் சம்பந்தப்பட்டவர்களிடம் பேசினார்.

பெரியப்பாவிடம் இதையும் சொன்னேன். "ரெண்டு தடவைதானா?" என்றார்.