சீமெண்ணெய் குடித்த மோட்டார்கள்: ரெட்டியபட்டியிலிருந்து கிளாலி வரை

திருச்சுழியைத் தொட்டுப் போகிற குண்டாறு, கமுதி தாண்டி, மூக்கையூர்ப் பக்கம் மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. சேர்கிறது என்பது வரைபடத்துக்குச் சரி. வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற ஆறில்லை அது. ஆனாலும் எம்.ரெட்டியபட்டியின் கரிசலையும் மூக்கையூரின் கடலையும் இணைக்கிற கோடு அதுதான். 1985இல் மாவட்டத்தைப் பிரிக்கும்வரை இரண்டு ஊரும் ஒரே இராமநாதபுரம் மாவட்டம். இரண்டுக்கும் பொதுவான இன்னொரு சங்கதியும் உண்டு: சீமெண்ணெயில் ஓடிய மோட்டார்.

கரிசல் பக்கம் கிணற்று மேட்டில் இருந்தது சின்ன பம்ப்செட். இங்கிலாந்துக் கம்பெனியான வில்லியர்ஸின் பெயரையே அந்த அளவு இஞ்சினுக்கெல்லாம் பொதுப்பெயராகச் சொன்னவர்கள் உண்டு. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் சீமெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கடற்கரையில் அதே வேலையை வள்ளத்தின் பின்பக்கம் தொங்கிய அவுட்போர்டு மோட்டார் செய்தது. பழைய அவுட்போர்டைப் பற்றி விசாரித்தால் முதலில் வருகிற புகார் ஒன்றுதான்: "கயித்தை இழுத்து இழுத்துத் தோளு கழண்டுபோச்சு. கிளம்புனாலும் நின்னு நின்னு ஓடுது." இதை இயந்திரக் கோளாறாகத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். நான் இதை எரிபொருள் வரலாறாகப் பார்க்கிறேன்.

ஆரம்பத்தில் அவுட்போர்டு பெட்ரோல் குடிக்கப் பிறந்த ஜாதி. நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கியில் குடியேறிய ஓலே எவின்ரூடு 1909இல் விற்க ஆரம்பித்தது ஏரியில் உல்லாசமாகப் போகிறவர்களுக்கும் சிறு படகுக்காரர்களுக்குமான மோட்டார். நம் பக்கம் நார்வே வந்தது வேறு வழியில். 1952 ஒப்பந்தப்படி கொல்லம் அருகே நீண்டகரையில் தொடங்கிய இந்தோ-நார்வே திட்டம், உள்ளே டீசல் இஞ்சின் பொருத்திய புதுப் படகுகளைத்தான் முன்னே தள்ளியது. நாட்டு வள்ளத்தில் மோட்டாரைத் தொங்கவிடும் பழக்கம் கேரளக் கரையில் பெரிதாகப் பரவியது 1980களின் தொடக்கத்தில். ஜப்பான் கம்பெனிகள் இதற்கென்றே சீமெண்ணெய் மாடல்களைச் செய்து விற்றன.

ஏன் சீமெண்ணெய்? விலைதான் காரணம். விளக்குக்கும் அடுப்புக்கும் என்று அரசு மானியத்தில் கொடுத்த எண்ணெய் அது. மீனவருக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று சங்கங்கள் கேட்டன. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மானியச் சீமெண்ணெய் திட்டங்கள் வந்தன. ஏழைக்குக் கட்டுப்படியான எண்ணெய் எதுவோ அதற்குத் தக்கபடி இயந்திரம் வளைந்து கொடுத்தது. வளைந்த இடத்தில்தான் வலி.

அந்த வலியைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். பெட்ரோல் உறைபனிக் குளிரிலும் ஆவி விடும், பொறி பட்டால் பிடித்துக்கொள்ளும். சீமெண்ணெய் பற்றுவதற்கு நம் நாட்டுத் தர விதிப்படி குறைந்தது 35 டிகிரியாவது சூடாகியிருக்க வேண்டும். விடியற்காலை கடற்காற்றில் குளிர்ந்து கிடக்கிற இரும்புக்குள் அது ஈரமாக ஒட்டுமே ஒழிய எரியாது. அதனால்தான் பெட்ரோலுக்குத் தனியாக ஒரு சின்ன டேங்க். இன்னொன்று, அழுத்தம் கூடினால் சீமெண்ணெய் தானே வெடித்து இஞ்சினைத் தட்டும். அதற்காக அழுத்தத்தைக் குறைத்தே செய்தார்கள். அழுத்தம் குறைந்தால் இழுவையும் குறையும். எரியாமல் மிஞ்சுவது பிளக்கிலும் சைலன்சரிலும் கரியாகப் படியும்.

மெக்கானிக்குகள் பார்க்கிற வரிசையும் இதையொட்டித்தான். முதலில் பிளக்கைக் கழற்றி முகர்ந்து பார்ப்பார்கள். கறுப்பாக, ஈரமாக, சீமெண்ணெய் வாடை அடித்தால் எண்ணெய் வருகிறது, எரியவில்லை. காய்ந்து கிடந்தால் எண்ணெயே வரவில்லை: ரப்பர்க் குழாய் வெடித்துக் காற்று இழுக்கும், இல்லையென்றால் கார்ப்பரேட்டர் துளையில் பிசின் அடைத்திருக்கும். தண்ணீர் முத்து நின்றால் டிரம்மிலேயே கோளாறு. இரண்டு சிலிண்டர் மோட்டார் என்றால், ஓடும்போது பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள். பிடுங்கியும் சத்தம் மாறவில்லையா, அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே செத்தது. காயிலை மாற்று, அதை மாற்று, இதை மாற்று என்று காசைக் கரைப்பதற்கு முன்னால் இவ்வளவும் செலவில்லாமல் பார்த்துவிடலாம்.

இந்த அறிவு உயிர்ப் பிரச்சினையாக மாறிய இடம் யாழ்ப்பாணம். 1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்த பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் போகத் தடை. (அங்கே 'பெற்றோல்' என்றுதான் எழுதுவார்கள்.) பழைய மொரிஸ், ஒஸ்ரின் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெய்க்கு மாறின. சில துளி பெற்றோலைக் கார்ப்பரேட்டரில் விட்டுக் கிளப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெயும் தாராளமாகக் கிடைத்ததில்லை.

தரைவழி அடைபட்டதும் வெளியே போகக் கிளாலிக் கடல்நீரேரிதான் வழியானது. இரவில் படகுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றில் கட்டி, வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய முன்படகு இழுத்துப் போகும். பின்னால் இருந்தவர்களில் நோயாளிகள், பிள்ளைகள், பரீட்சைக்கும் வேலைக்கும் போகிறவர்கள் எல்லோரும் உண்டு. அந்த நீரேரியில் கடற்படை தாக்கும். 1993 ஜனவரி தொடக்கத்தில் அப்படியொரு தாக்குதலில் பயணிகள் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். நடுத்தண்ணீரில் மோட்டார் ஒரு முறை இருமி நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்க. கரையில் நின்றால் எரிச்சல். அங்கே நின்றால் பின்னால் கட்டிய படகுகள் அத்தனையும் நிற்கும்.

கிளாலியைப் பற்றிப் போர் வரலாறாக நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்த மோட்டார்களை ஓட வைத்தவர்களைப் பற்றி நான் படித்தது சொற்பம். பிளக்கைத் துடைத்தவர், சல்லடைத் துணியில் எண்ணெய் வடிகட்டியவர் எல்லாம் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

இப்போது ரேஷன் சீமெண்ணெய் சுருங்கிவிட்டது. கரிசலில் அநேகமாகக் கரண்டு மோட்டார், கடலில் பலரிடம் டீசல் இஞ்சின். மிச்சமிருக்கிற சீமெண்ணெய் அவுட்போர்டைச் சிலர் முழுக்கப் பெட்ரோலில் ஓட்டிப் பார்க்கிறார்கள். சட்டென்று கிளம்புது, ஆனா இழுக்க மாட்டேங்குது என்பார்கள். அழுத்தம் சீமெண்ணெய்க்கென்று குறைத்து வைத்ததாயிற்றே, விலை கூடிய எண்ணெயை ஊற்றினால் மட்டும் பலம் வராது. சீமெண்ணெயிலேயே ஓட்டுகிறவர்களுக்குப் பழைய ஆட்கள் சொல்கிற வழி வேறு: கரை கண்ணுக்குத் தெரிந்ததும் குழாயைப் பெட்ரோலுக்குத் திருப்பிவிட்டு, கொஞ்ச நேரம் அதில் ஓட்டி நிறுத்த வேண்டும். கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும். மறுநாள் விடியற்காலையில் இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொள்ளும்.