தன்குருதிச் சீரச் சொட்டு மருந்து

தன்குருதிச் சீரச் சொட்டு மருந்து என்பது, ஒரு நோயாளியின் குருதியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் சீரத்தைக் கொண்டு, அதே நோயாளியின் கண்ணில் இடுவதற்காகத் தயாரிக்கப்படும் சொட்டு மருந்து ஆகும். குருதி உறைந்த பின் உறைகட்டியிலிருந்து பிரியும் வெளிர்மஞ்சள் நிறத் தெளிநீரே சீரம் எனப்படுகிறது. கடுமையான உலர்கண் நோய், ஆறாத கார்னியாப் புண் முதலிய கண் மேற்பரப்பு நோய்களில், வழக்கமான செயற்கைக் கண்ணீர் மருந்துகள் பயனளிக்காத நிலையில் இது பயன்படுத்தப்படுகிறது. இது மருந்து நிறுவனங்கள் தயாரித்துக் கடைகளில் விற்கும் மருந்து அன்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே, குருதி வங்கியிலோ மருத்துவமனை ஆய்வகத்திலோ தயாரிக்கப்படுவது.

கண்ணீரும் சீரமும்

கண்ணின் முன்புறத்தில் உள்ள தெளிவான படலமான கார்னியாவில் குருதிக் குழாய்கள் இல்லை. ஒளி தடையின்றி உட்செல்ல இவ்வமைப்பு தேவையானது. ஆனால் இதனால் கார்னியா தன் மேற்புறச் செல்களைப் பேணுவதற்குப் பெருமளவு கண்ணீரையே நம்பியுள்ளது. கண்ணீர் வெறும் உப்பு நீர் அன்று. அதில் நுண்ணுயிர்களை அழிக்கும் லைசோசைம், லாக்டோஃபெரின் போன்ற புரதங்களும், எதிர்ப்பான்களும், உயிர்ச்சத்து ஏ-யும், செல்களைப் பெருகவும் இடம்பெயரவும் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளும் உள்ளன. கார்னியாவில் ஒரு சிறு கீறல் ஏற்பட்டால் அது ஓரிரு நாளில் ஆறிவிடுவதற்கு இப்பொருள்களும் துணைபுரிகின்றன.

கண்ணீர்ச் சுரப்பிகள் பழுதடைந்தாலோ, கார்னியாவின் உணர்வு நரம்புகள் செயலிழந்தாலோ இந்த வழங்கல் நின்றுபோகிறது. செயற்கைக் கண்ணீர் மருந்துகள் ஈரத்தையும் வழவழப்பையும் தருகின்றனவே அன்றி, மேற்கூறிய புரதங்களைத் தருவதில்லை. மேலும் சில சொட்டு மருந்துகளில் கெடாமல் காக்கச் சேர்க்கப்படும் பென்சால்கோனியம் குளோரைடு, அடிக்கடி இடும்போது மேற்புறச் செல்களையே சிதைக்கக்கூடியது. புண்ணை ஆற்ற இடும் மருந்தே புண்ணை நீடிக்கச் செய்யும் நிலை இவ்வாறு உருவாகிறது.

குருதிச் சீரம் இவ்விடத்தில் மாற்றாகக் கருதப்படுவதற்குக் காரணம் அதன் வேதி ஒப்புமை ஆகும். அதன் அமிலகாரத் தன்மையும் உப்புச்செறிவும் கண்ணீருக்கு நெருக்கமானவை. கண்ணீரில் உள்ள வளர்ச்சிக் காரணிகளுள் பலவும், ஃபைப்ரோநெக்டின், உயிர்ச்சத்து ஏ ஆகியவையும் அதில் உள்ளன. உயிர்ச்சத்து ஏ கண்ணீரில் இருப்பதைவிடப் பன்மடங்கு மிகுதி. (எனினும் உயிர்ச்சத்து ஏ குறைபாட்டால் குழந்தைகளுக்கு வரும் கண் வறட்சிக்கு இது மருந்தாகாது. அதற்கு உயிர்ச்சத்தையே உட்கொள்ளக் கொடுக்க வேண்டும்.)

பிளாஸ்மாவுக்கும் சீரத்துக்கும் உள்ள வேறுபாட்டை இங்குக் குறிப்பிடுவது தகும். உறையாமல் தடுக்கப்பட்ட குருதியிலிருந்து பிரிக்கப்படுவது பிளாஸ்மா. குருதியை உறையவிடும்போது தட்டணுக்கள் தம்முள் அடக்கி வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளை வெளியிடுகின்றன, அவை சீரத்தில் கலக்கின்றன. எனவே உறையவிடும் நேரம் என்பது வெறும் காத்திருப்பு அன்று, மருந்தின் வீரியத்தைத் தீர்மானிக்கும் ஒரு படிநிலை ஆகும்.

வரலாறு

1975ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் ரால்ஃப், டோன், டோல்மன் ஆகியோர், வேதிப்பொருளால் கண் வெந்துபோனவர்களுக்கு உடலில் அணிந்துகொள்ளக்கூடிய ஒரு சிறு இறைப்பி மூலம் கண்ணில் நீர்மத்தைத் தொடர்ந்து செலுத்தும் முறையை வெளியிட்டனர். கண்ணில் செலுத்தப்பட்ட நீர்மங்களுள் சீரமும் ஒன்று. 1984இல் ஃபாக்ஸ் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் ஷோகிரன் நோய்த்தொகையினரின் உலர்கண்ணுக்குச் சீரச் சொட்டு பயன் தருவதாக எழுதினர். அவர்கள் முதன்மையாகத் தேடியது பதப்பொருள் கலக்காத ஒரு கண்ணீர் மாற்றையே.

இம்முறை உலகெங்கும் பரவியது 1999இல் ஜப்பானைச் சேர்ந்த கசுவோ சுபோட்டாவின் குழு வெளியிட்ட ஆய்வுகளுக்குப் பின்னரே. சீரத்தில் உள்ள காரணிகளை அளந்து, கார்னியாச் செல்களில் அவற்றின் விளைவை ஆய்வகத்தில் காட்டி, பின்னர் நோயாளிகளிடம் பயன்படுத்தியது இக்குழு. ஆறாத கார்னியாப் புண் கொண்ட 16 கண்களில் 7 கண்கள் இரு வாரங்களுக்குள் ஆறின. மேலும் 3 கண்கள் ஒரு மாதத்துக்குள் ஆறின. எஞ்சிய 6 கண்கள் அக்காலத்துள் ஆறவில்லை. மற்ற மருத்துவம் தோற்ற பின் கிடைத்த விளைவு என்பதால் இது பெரிதும் கவனிக்கப்பட்டது. ஆனால் ஒப்பிடுவதற்கு வேறொரு நோயாளிக் குழு இவ்வாய்வில் இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தயாரிக்கும் முறை

நோயாளியிடமிருந்து தூய கலன்களில் குருதி எடுக்கப்படுகிறது. எச்.ஐ.வி., மஞ்சட்காமாலை பி, சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்கான சோதனைகளும் செய்யப்படுகின்றன. தன் குருதி தனக்கே என்றாலும், தயாரிப்பவரின் பாதுகாப்புக்காகவும், பெயர்ச்சீட்டு தவறி ஒருவரின் புட்டி மற்றவரிடம் சேர்ந்துவிடக்கூடும் என்பதற்காகவும் இச்சோதனைகள் தேவைப்படுகின்றன. குருதி நன்கு உறைந்த பின் மையவிலக்குக் கருவியில் சுழற்றிச் சீரம் பிரிக்கப்பட்டு, உப்புக் கரைசலால் நீர்க்கப்பட்டு, சிறு புட்டிகளில் அடைக்கப்படுகிறது.

இச்செயல்முறைக்கு உலகப் பொதுவான வரையறை ஏதும் இல்லை. உறையவிடும் நேரம், சுழற்றும் வேகம், நீர்க்கும் அளவு ஆகியன இடத்துக்கு இடம் மாறுகின்றன. 2005இல் ஜெர்மனியின் லூபெக் நகர ஆய்வாளர்கள் இவற்றை ஒப்பிட்டு, 2 மணி நேரம் உறையவிட்டு, புவியீர்ப்பைப் போல் 3000 மடங்கு விசையில் 15 நிமிடம் சுழற்றுவதைப் பரிந்துரைத்தனர்.

மிகுதியாகப் பயன்படுத்தப்படும் செறிவு 20% ஆகும். உருமாற்ற வளர்ச்சிக் காரணி பீட்டா எனும் பொருள் சீரத்தில் கண்ணீரில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு உள்ளது. மிகையான அளவில் இது செல்கள் பெருகுவதைத் தடுக்கக்கூடும் என்பதால் ஐந்தில் ஒரு பங்காக நீர்க்கும் வழக்கம் வந்தது. 50% செறிவிலும், நீர்க்காமலும் பயன்படுத்துவோரும் உள்ளனர்.

பதப்பொருள் சேர்க்கப்படாததால் சேமிப்பு முறை மிக முக்கியமானது. திறக்காத புட்டிகள் சுழியத்துக்குக் கீழ் 20 பாகை செல்சியசில் உறைநிலையில் பொதுவாக 3 மாதம் வரை வைக்கப்படுகின்றன. பயன்பாட்டில் உள்ள புட்டி குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஏறத்தாழ 4 பாகையில் வைக்கப்பட்டு, மையத்தின் விதியைப் பொறுத்து ஒரு நாளிலோ ஒரு வாரத்திலோ அப்புறப்படுத்தப்படுகிறது. புரதம் நிறைந்த நீர்மம் நுண்ணுயிர்களுக்கும் நல்ல உணவே. மேற்புறச் செல்லடுக்கு ஏற்கெனவே சிதைந்த கண்ணில் கெட்டுப்போன சொட்டினை இட்டால் பார்வையே பறிபோகலாம். நீண்ட மின்வெட்டு உள்ள ஊர்களில் இம்மருத்துவத்தின் கடினமான பகுதி குருதி எடுப்பதன்று, புட்டியைக் குளிரில் காப்பதே. மருத்துவமனைக்கு வெளியே இதனைத் தானே தயாரிக்க முயல்வது கூடாது.

பயன்கள்

ஷோகிரன் நோய்த்தொகையால் வரும் உலர்கண், ஸ்டீவன்ஸ்–ஜான்சன் நோய்த்தொகையின் பின்விளைவுகள், எலும்புமச்சை மாற்றுக்குப் பின் ஒட்டுத்திசு உடலைத் தாக்குவதால் வரும் உலர்கண், வேதிப்பொருள் காயங்கள், நரம்புச் சிதைவால் வரும் கார்னியாப் புண் ஆகியவற்றில் இது இடப்படுகிறது. பொதுவாக நாளொன்றுக்கு 4 முதல் 8 முறை இடப்படும். நிறுத்தியதும் தொல்லைகள் திரும்புவது உண்டு, ஏனெனில் உலர்கண்ணுக்குக் காரணமான அடிப்படை நோயை இது தீர்ப்பதில்லை.

சான்றுகள்

இம்மருத்துவத்தின் புகழுக்கும் அதற்கான சான்றுக்கும் இடையே இடைவெளி உள்ளது. உலர்கண் குறித்த சமவாய்ப்புச் சோதனைகளைத் தொகுத்து 2017இல் வெளியான காக்ரேன் மீளாய்வில் 5 சோதனைகளே தகுதி பெற்றன. அவற்றில் பங்கேற்றோர் அனைவரையும் கூட்டினாலும் நூறு பேர் தேறவில்லை. செயற்கைக் கண்ணீரோடு ஒப்பிடுகையில் முதல் இரு வாரங்களில் தொல்லைகள் குறையலாம் என்றும், அதற்கு மேல் பயன் நீடிப்பதற்குப் போதிய சான்று இல்லை என்றும் அம்மீளாய்வு கூறியது. அமெரிக்கக் கண் மருத்துவக் கழகத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கையும் பயன் இருக்கக்கூடும் என்று கூறிய அதே வேளையில், நன்கு வடிவமைக்கப்பட்ட ஒப்பீட்டுச் சோதனைகள் இல்லாததைச் சுட்டியது.

இதற்கான காரணங்கள் ஊகிக்கக்கூடியவையே. ஒருவரின் சீரத்துக்குக் காப்புரிமை பெற இயலாது. எனவே பெருஞ்செலவில் சோதனை நடத்த முன்வரும் நிறுவனங்கள் அரிது. ஒவ்வொரு புட்டியின் உள்ளடக்கமும் ஆளுக்கு ஆள் மாறுவதால், ஒரே மருந்தைப் பலருக்குக் கொடுத்து ஒப்பிடுகிறோம் என்று சொல்வதும் கடினம். எதிர்மறையான சான்று வேறு, சான்று இன்மை வேறு. சீரச் சொட்டு இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

குறைபாடுகளும் மாற்றுகளும்

குருதிச் சோகை, இதய நோய் உள்ளவர்களிடமும் சிறு குழந்தைகளிடமும் போதிய குருதி எடுப்பது எளிதன்று. தன்னெதிர்ப்பு நோய் உள்ளவரின் சீரத்தில் அழற்சியைத் தூண்டும் பொருள்களும் எதிர்ப்பான்களும் இருக்கக்கூடும், அவையும் கண்ணில்தான் சேர்கின்றன. கார்னியாவில் எதிர்ப்பான் கூட்டுப்பொருள்கள் படிந்த நேர்வுகள் அரிதாகப் பதிவாகியுள்ளன. மிகவும் தேவைப்படுவோரே குருதி கொடுக்க இயலாதவராக இருப்பதனால், நலமான கொடையாளரின் சீரத்தைப் பயன்படுத்தும் முறையும் தோன்றியுள்ளது. இங்கிலாந்தின் அரசுக் குருதிச் சேவை இருவகைச் சீரச் சொட்டுகளையும் வழங்கி வருகிறது. தொப்புள்கொடிக் குருதியின் சீரமும், தட்டணு மிகுந்த பிளாஸ்மாவும் இவ்வாறே பயன்படுத்தப்பட்டுள்ளன.

சீரத்தில் உள்ள காரணிகளுள் ஒன்றை மட்டும் தனித்துத் தயாரிக்கும் முயற்சியில் வந்தது செனெகெர்மின். இது மரபணுப் பொறியியல் வழி பாக்டீரியாவில் உருவாக்கப்படும் மனித நரம்பு வளர்ச்சிக் காரணி ஆகும். நரம்புச் சிதைவால் வரும் கார்னியா நோய்க்கு 2017இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2018இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. நாளொன்றுக்கு 6 முறையாக 8 வாரம் இடப்படும் இம்மருந்தின் விலை மிக அதிகம் என்பதால், பல நாடுகளில் இந்நோயாளிகளுக்கும் சீரச் சொட்டே எட்டும் தொலைவில் உள்ளது.