குர்குமினும் ரெஸ்வெரட்ராலும்: மூளையின் காவல் செல்களை எது எட்டுகிறது?

மூளைக்கென்று தனிக் காவல் செல்கள் உண்டு என்று 1919இல் பிரித்துக் காட்டியவர் ஸ்பெயினின் பியோ டெல் ரியோ ஹோர்தேகா. மைக்ரோகிளியா என்று அவர் பெயரிட்ட இவை, மெல்லிய கிளைகளை நீட்டிச் சுற்றுப்புறத்தை ஓயாமல் தடவிப் பார்க்கின்றன. கிருமியோ சிதைந்த புரதமோ தட்டுப்பட்டால் கிளைகளைச் சுருக்கித் திரண்டு அதை விழுங்குகின்றன. அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களையும் சுரக்கின்றன. அல்சைமர் நோயில் இந்தச் சுரப்பு ஆண்டுக்கணக்கில் ஓய்வதில்லை. அதைத் தணிக்கும் என்று அதிகம் பேசப்படுபவை மஞ்சளின் குர்குமினும், சிவப்புத் திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ராலும்.

ஆய்வுக்கூடத் தட்டில் இரண்டுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. பாக்டீரியாவின் மேலுறைப் பொருளைக் கொடுத்து மைக்ரோகிளியாவைச் சீண்டினால், என்எஃப்-கப்பா பி என்ற புரதம் உட்கருவுக்குள் நுழைந்து அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும். இரண்டில் எதைச் சேர்த்தாலும் அந்த முடுக்கம் தணிகிறது. ஆனால் குர்குமின் தானே ஒளிர்வது, கண்ட புரதங்களோடும் ஒட்டுவது, நீர்க்கரைசலில் விரைவில் சிதைவது. அதனால் அதன் சோதனைக்கூட முடிவுகளை அப்படியே நம்ப வேண்டாம் என்று 2017இல் வேதியியலாளர்கள் விரிவாகவே எச்சரித்தார்கள்.

உடலுக்குள் போனதும் இரண்டின் வழியும் பிரிகிறது. ரெஸ்வெரட்ராலைக் குடல் நன்றாக உறிஞ்சினாலும், குடலும் கல்லீரலும் சேர்ந்து அதை உடனே உருமாற்றிவிடுகின்றன. குர்குமினோ ரத்தத்துக்கு வந்து சேர்வதே அரிது. 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்வது 2,000 விழுக்காடு கூடியதாக 1998இல் பெங்களூரு ஆய்வு ஒன்று சொன்னது. மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போடுவதற்கு இதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 விழுக்காடுதான். ஒரு தேக்கரண்டியில் 100 மில்லிகிராம் தேறும். சமையலறை அளவு வேறு, சோதனை அளவு வேறு.

நோயாளிகளிடம் என்ன கண்டார்கள்? 2012இல் வெளியான கலிஃபோர்னியா ஆய்வில் 24 வாரம் தினமும் 2 அல்லது 4 கிராம் குர்குமின் கொடுத்தும் அல்சைமர் நோயாளிகளுக்குப் பலன் தெரியவில்லை. 2018இல் வெளியான ஆய்வில் எளிதில் உறிஞ்சப்படும் வடிவத்தை, மறதி நோய் இல்லாத 40 பேரிடம் 18 மாதம் சோதித்தார்கள். உட்கொண்டவர்களின் நினைவாற்றல் மேம்பட்டது. நல்ல செய்திதான். ஆனால் அழற்சி தணிந்ததால்தான் மேம்பட்டதா என்பதை அந்தச் சோதனை காட்டவில்லை.

அந்த வகையில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் தலைமையேற்ற ரெஸ்வெரட்ரால் சோதனையையே நான் உயர்வாக மதிக்கிறேன். 119 நோயாளிகள், 52 வாரம். தண்டுவட நீரிலேயே ரெஸ்வெரட்ரால் இருப்பதை 2015இல் காட்டினார்கள். 38 பேரின் மாதிரிகளைப் பின்னர் ஆராய்ந்ததில், அழற்சியோடு தொடர்புடைய எம்எம்பி-9 என்ற நொதி ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. கூடவே ஒரு சங்கடமும் வந்தது: மருந்து எடுத்தவர்களின் மூளைக் கனஅளவு மற்றவர்களைவிட அதிகமாகச் சுருங்கியிருந்தது. அழற்சி வீக்கம் வடிந்ததா, திசுவே அழிந்ததா? ஆய்வாளர்கள் முதலாவதன் பக்கம் சாய்கிறார்கள். அதை உறுதிசெய்ய இந்த எண்ணிக்கை போதாது.

மைக்ரோகிளியா கழிவையும் அகற்றும் செல் என்பதால், அழற்சியைத் தணிக்கப் போய் அந்த நல்ல வேலையும் தடைபடுமோ என்ற ஐயம் எழுகிறது; அதனால் மூளைச் சுருக்கம் பற்றிய இந்தக் கேள்வி முக்கியமானது. குர்குமினிலும் ஆபத்து இல்லாமல் இல்லை: உறிஞ்சும் திறன் கூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி வந்தது இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறது. ஆகவே, மருத்துவரைக் கேட்காமல் இவ்விரண்டில் எதையும் மாத்திரையாக வாங்கி விழுங்கும்படி வீட்டுப் பெரியவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.