மரமில்லாத மரக்கால்

முன்பெல்லாம் தஞ்சைப் பக்கத்துக் களத்துமேட்டில் நெல் அளப்பவர் முதல் மரக்காலுக்கு 'ஒன்று' என்று சொல்லமாட்டார். 'லாபம்' என்பார். அதற்குப் பிறகுதான் ரெண்டு, மூணு எல்லாம். அடுத்த மரக்கால் நிறையும்வரை சொன்ன எண்ணையே ராகம்போட்டு இழுத்துக்கொண்டிருப்பார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தாலும் கணக்குத் தப்பாது.

அவர் கையில் இருந்தது பெரும்பாலும் இரும்புத் தகட்டு மரக்கால். வசதியான வீடுகளில் பித்தளை. ஒருகாலத்தில் மரத்தைக் குடைந்து செய்தார்கள், பெயர் அதனால் வந்தது. மரம் போய்விட்டது, பெயர் போகவில்லை. பின்பாதியான 'கால்'தான் தொல்லை கொடுக்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் 11 ஆடல்களில் ஒன்று மரக்கால். கொற்றவை மரத்தால் ஆன காலில் நின்று பாம்பையும் தேளையும் நசுக்கும் கூத்து அது. அந்தக் கால் வேறு, இந்தக் கால் வேறு. 8 நாழி ஒரு குறுணி, 4 குறுணி ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம். குறுணிக்கு மறுபெயர்தான் மரக்கால். அப்படியானால் அது தூணியில் கால் பங்கு, பெயரிலுள்ள 'கால்' அதிலிருந்து வந்திருக்கலாம். கணக்கு அழகாகப் பொருந்துகிறது என்பதற்காகவே இந்த ஊகத்தை நான் முழுதாக நம்பவில்லை. சொல்லாராய்ச்சியில் அழகாகப் பொருந்துவதெல்லாம் ஆளை ஏமாற்றும்.

தொல்காப்பியம் தூணியையும் பதக்கு என்ற அளவையையும் அறியும். அளவுப்பெயர்கள் எந்தெந்த எழுத்தில் தொடங்கும் என்றும் சொல்கிறது, அவற்றுள் மகரமும் உண்டு. உரைகாரர்கள் மகரத்துக்குக் காட்டும் எடுத்துக்காட்டு மரக்கால் அல்ல, மண்டை. கூடவே கலம், சாடி, பானை, அகல் என்று வரிசை நீள்கிறது. எல்லாம் அடுக்களைப் பாத்திரங்கள். வீட்டில் எது இருந்ததோ அதுவே அளவையாயிற்று.

வீட்டுப் பாத்திரம் ஊருக்கு ஊர் மாறும். வரியும் கோயில் நெல்லும் அளக்க அது உதவாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் மரக்காலுக்குப் பெயரே இருக்கிறது: ஆடவல்லான். ராஜகேசரி என்ற மரக்காலோடு ஒத்த அளவுடையது என்று கல்லில் வெட்டியும் வைத்தார்கள். அருமொழிதேவன் மரக்காலும் உண்டு, அது ராஜராஜனின் இயற்பெயர். கூத்தப் பெருமான் பெயரையும் அரசன் பெயரையும் ஓர் அளவைக்கு வைத்தது வெறும் பக்தியாலோ பெருமையாலோ என்று எனக்குத் தோன்றவில்லை. 'எந்த மரக்கால்?' என்ற கேள்வி அன்றே இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கேள்வி கூலிக்காரருக்குத்தான் அதிகம் உறைத்தது. வாங்க ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால் வைத்திருந்த பண்ணைகளைப் பற்றி இன்றும் கிழவர்கள் சொல்வார்கள். பாத்திரம் ஒன்றேயானாலும் கை இரண்டு விதமாக அளக்கும். கோபுரமாகக் குவித்து அளந்தால் ஒரு கணக்கு, தலைதட்டி அளந்தால் இன்னொரு கணக்கு. உள்ளங்கையைச் சற்றே அழுத்தி வழித்தால் ஒரு பிடி நெல் பொலிக்கே, களத்துக் குவியலுக்கே, திரும்பிவிடும். 1940களில் தஞ்சை வட்டாரத்து விவசாயத் தொழிலாளர் கேட்டவற்றில், முத்திரையிட்ட மரக்காலால் கூலி அளக்கவேண்டும் என்பதும் ஒன்று. ஆடவல்லான் மரக்கால், அருமொழிதேவன் மரக்கால், முத்திரை மரக்கால். முன்னால் வரும் அடைமொழியில்தான் வழக்கே இருக்கிறது.

1956இல் எடை, அளவைச் சட்டம் வந்தது. மெல்ல மெல்லக் கிலோ களத்துக்கு வந்தது. மரக்கால் கல்யாண வீட்டில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் நெல் நிறைந்து உட்கார்ந்துகொண்டது.

அரசு கொள்முதல் நிலையத்தில் இன்று நெல் 40 கிலோ சிப்பமாகப் போகிறது. ஆனால் டீக்கடையில் 'ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை கண்டது?' என்று கேட்கும் விவசாயி மனதில் வைத்திருப்பது 60 கிலோ மூட்டை. அந்த 60 எந்தச் சட்டத்திலும் இல்லை. ஏறத்தாழ இரண்டு கலம் நெல்லின் எடை அது. மரக்கால் கணக்கில், 24.