பால்வாடி முதல் இடையீட்டு மையம் வரை: காவிரிக் கடைமடையில் முன்பருவக் குழந்தைகளுக்கான நலவாழ்வு, மாற்றுத்திறன் சேவைகளின் ஒருங்கிணைப்பு (1953–2023)

ஆய்வுச்சுருக்கம்

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையின் உணவு, கல்வி, மருத்துவம், மாற்றுத்திறன் மறுவாழ்வு ஆகியவை தமிழகத்தில் தனித்தனித் துறைகளின் பொறுப்பில் வளர்ந்தவை. இவற்றை ஒரே மையத்தில் இணைக்கும் முயற்சி 1975ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டத்தோடு அரசு வடிவம் பெற்றது. அதற்கு முன்னும் பின்னுமான எழுபதாண்டு வரலாற்றைச் சட்டங்கள், திட்ட வரையறைகள், நீதிமன்ற ஆணைகள் ஆகியவற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. தஞ்சாவூர் மாவட்டக் கடற்கரை ஊரான அதிராம்பட்டினத்தின் அமைவிடம் இதற்கு நோக்குமுனையாகக் கொள்ளப்படுகிறது. சேவைகள் ஒவ்வொன்றாகப் பெருகியபோதும் அவற்றை ஒரு குழந்தைக்காக இணைத்துத் தரும் கடமை எவர் பெயரிலும் எழுதப்படவில்லை என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பால்வாடி, அங்கன்வாடி, முன்பருவக் கல்வி, பரிந்துரைச் சேவை, மாற்றுத்திறன், இடையீட்டு மையம், கடைமடை, அதிராம்பட்டினம்.

முன்னுரை

காவிரி நீர் இறுதியாக வந்துசேரும் பகுதியைக் கடைமடை என்பது தஞ்சை வழக்கு. பட்டுக்கோட்டை வட்டத்தின் கடற்கரையில் அமைந்த அதிராம்பட்டினம் அத்தகைய கடைமடை ஊர். நெல்வயல் முடிந்து உப்பளமும் மீன்பிடித் துறையும் தொடங்கும் எல்லையில் அது உள்ளது. வளைகுடா நாடுகளிலும் மலேசியா, சிங்கப்பூரிலும் ஆண்கள் பொருளீட்டச் சென்ற குடும்பங்கள் இங்குப் பல. அவற்றில் குழந்தையை மருத்துவமனைக்கும் மையத்துக்கும் அழைத்துச் செல்லும் பொறுப்பு தாயையும் பாட்டியையும் சார்ந்தது. 1955இலேயே காதிர் முகைதீன் கல்லூரி வழியாக உயர்கல்வி கண்ட ஊர் இது. 2021இல் நகராட்சியாகத் தரம் உயர்ந்தது.

கடைமடை உழவருக்குத் தெரிந்த உண்மை ஒன்றுண்டு. அணையில் நீர் இருப்பதும் வாய்க்கால் வெட்டப்பட்டிருப்பதும் போதா; இடையிலுள்ள ஒவ்வொரு மதகும் திறக்கப்பட வேண்டும். முன்பருவக் குழந்தைக்கான சேவைகளும் அவ்வாறே. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத இரண்டு வயதுக் குழந்தையைப் பற்றி ஒரு தாய் முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்? அவர் சொன்ன பிறகு அடுத்த அடியை எடுத்துவைக்க வேண்டியவர் யார்? இவ்விரு வினாக்களுக்குக் காலந்தோறும் அரசு அளித்த விடைகளே இக்கட்டுரையின் பொருள்.

பால்வாடிக் காலம்

டெல்டா ஊர்களில் முதியோர் இன்றும் அங்கன்வாடியைப் ‘பால்வாடி’ என்றே வழங்குகின்றனர். ‘பால’ என்பது குழந்தையையும் ‘வாடி’ என்பது தோட்டத்தையும் குறிக்கும். மேற்கிந்தியாவில் தாராபாய் மோடக், அனுதாய் வாக் ஆகியோர் 1945 முதல் போர்டியிலும் பின்னர்க் கோஸ்பாடிலும் நடத்திய பணியோடு இணைந்த சொற்கள் பால்வாடியும் அங்கன்வாடியும். பிந்தையது, மையத்துக்கு வர இயலாத குழந்தையை அதன் வீட்டு முற்றத்திலேயே சென்று சந்திக்கும் கருத்தைச் சுட்டுவது. சேவை குழந்தையைத் தேடிச் செல்ல வேண்டும் என்னும் நெறி அச்சொல்லிலேயே அடங்கியிருந்தது.

மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்ததும் இங்கு நினையத்தக்கது. அவருடைய முறை உரோம் நகரில் அறிவுவளர்ச்சிக் குறைபாடுடைய குழந்தைகளோடு அவர் ஆற்றிய பணியிலிருந்து பிறந்தது. இத்தார், செகேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர்களின் பயிற்றுமுறைகளை அவர் அக்குழந்தைகளிடம் கையாண்டார். 1907இல் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் அதே முறையைப் பிற குழந்தைகளுக்கும் விரித்தார். மாற்றுத்திறன் குழந்தைகளிடம் கற்ற பாடமே உலகின் முன்பருவக் கல்விக்கு அடிப்படைகளுள் ஒன்றாயிற்று. ஆயினும் பின்னர் இங்குப் பெருகிய மழலையர் பள்ளிகளில் அம்முறையின் பொருள்கள் வந்துசேர்ந்த அளவுக்கு அக்குழந்தைகள் வந்துசேரவில்லை.

1953இல் நிறுவப்பட்ட மத்திய சமூக நல வாரியத்தின் நிதியுதவியாலும் சமுதாய வளர்ச்சித் திட்டங்களாலும் பால்வாடிகள் ஊர்ப்புறங்களில் பரவின. நெல்விளையும் நிலத்தில் அவற்றின் தேவை வெளிப்படையானது. நடவும் களையெடுப்பும் பெண்களின் உழைப்பை நம்பியவை; குறுவை, சம்பா நடவுக் காலங்களில் கைக்குழந்தையைக் காக்க மூத்த பெண்பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது வழக்கமாயிருந்தது. பால்வாடி அச்சுமையைக் குறைத்தது. ஆனால் நடக்க இயலாத, பேசாத குழந்தையை ஏற்பது குறித்து அக்கால அமைப்பில் தனி வரையறை எதுவும் இல்லை.

1975: ஆறு சேவைகளும் இரு துறைகளும்

1974ஆம் ஆண்டின் தேசியக் குழந்தைகள் கொள்கையைத் தொடர்ந்து, 1975 அக்டோபர் 2ஆம் நாள் நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. துணை உணவு, முன்பருவக் கல்வி, ஊட்டச்சத்து மற்றும் நலக்கல்வி, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, பரிந்துரைச் சேவை என ஆறு சேவைகளை அது ஒரு கூரையின்கீழ் வைத்தது.

இவற்றுள் முதல் மூன்றும் சமூக நலத் துறையின் பொறுப்பு. பின் மூன்றும் நலவாழ்வுத் துறையின் செவிலியரும் மருத்துவரும் செய்ய வேண்டியவை. அங்கன்வாடிப் பணியாளர் ஒரு துறையின் மதிப்பூதியப் பணியாளர்; கிராம சுகாதார செவிலியர் மற்றொரு துறையின் ஊழியர். இருவரும் ஒரே தெருவில் பணிபுரிந்தாலும் வெவ்வேறு மேலதிகாரிகளுக்கு வெவ்வேறு பதிவேடுகளைக் காட்ட வேண்டியவர்கள். ஆறாவதாகிய பரிந்துரைச் சேவையே மாற்றுத்திறன் குழந்தைக்கு உயிர்நாடியானது. மற்ற ஐந்தில் தந்த உணவையும் போட்ட ஊசியையும் எண்ணிக் காட்டலாம். பரிந்துரையின் பயனோ குழந்தை மருத்துவரை அடைந்து திரும்பிய பிறகே தெரியும். அது திரும்பியதா எனப் பார்ப்பது எத்துறையின் பணி என்பதில்தான் இணைப்பு தளர்ந்தது.

எடைக்கருவி கண்டதும் காணாததும்

தமிழகம் இத்துறையில் தனக்கென வழி வகுத்த மாநிலம். 1980இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு முதல் முப்பத்தாறு மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டது. எடை தேங்கிய குழந்தையைக் கண்டறிந்து, அதற்கு மட்டும் ஏறத்தாழ மூன்று மாதம் துணை உணவு அளித்து, தேறியபின் நிறுத்துவது அதன் முறை. 1982 சூலை 1ஆம் நாள் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இதற்கு மாறாக, இரண்டு வயது முதல் குழந்தைகள் அனைவரையும் மையத்துக்கு அழைத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் நகர்ப்புறங்களுக்கும் விரிந்தது.

இவ்விரு திட்டங்களும் இரு பெரும் நன்மைகளைச் செய்தன. முதலாவது, குழந்தையைத் தவறாமல் அளந்து பதிவுசெய்யும் பழக்கத்தை ஊர்தோறும் ஊன்றியது. இரண்டாவது, மையத்துக்குக் குழந்தை நாள்தோறும் வருவதற்கான காரணத்தைத் தந்தது. நாள்தோறும் காணும் கண்ணே வளர்ச்சித் தாமதத்தை முதலில் உணரும். எனினும் வளர்ச்சி அட்டையில் இருந்தது எடைக்கோடு மட்டுமே. நன்கு உண்டு எடை கூடிய, ஆனால் காது கேளாத குழந்தை அந்த அட்டையில் நலமுள்ள குழந்தையாகவே தோன்றியது. ஊட்டச்சத்துத் திட்டத்தின் முதற்கட்டத்தில் உணவுப் பகுதியைவிட மருத்துவப் பகுதி பின்தங்கியதும் துறையிணைப்பின் கடினத்தை உணர்த்துகிறது.

இக்குறை நீங்க நெடுநாளாயிற்று. 2010ஆம் ஆண்டையொட்டிப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகமும் நலவாழ்வு அமைச்சகமும் இணைந்து தாய்சேய் பாதுகாப்பு அட்டையை வெளியிட்டன. எடைக்கோட்டுடன் தடுப்பூசியும், தலை நிற்றல், உட்காருதல், பேசுதல் முதலிய வளர்ச்சிப் படிகளும் அதில் இடம்பெற்றன. இரு துறைகளின் பதிவும் ஒரே தாளில், அதுவும் தாயின் கையிலேயே அமைந்தது இவ்வரலாற்றின் ஒரு முக்கியத் திருப்பம்.

சட்டமும் ஆறு வயதுக் கோடும்

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமே இப்பொருளில் அங்கன்வாடியைப் பெயர்சுட்டிக் குறித்தது. அதன் 25ஆம் பிரிவு, ஆபத்து நிலையிலுள்ளோரை அறிய எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதிக்க வேண்டும் என்றது. முன்பருவப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், அங்கன்வாடிப் பணியாளர் வழியாக மக்களுக்கு அறிவூட்டவும் பணித்தது. ஆனால் பொருளாதார ஆற்றலும் வளர்ச்சியும் இடந்தரும் எல்லைக்குள் என்னும் தொடரோடு அப்பிரிவு தொடங்கியதால், கடமை விருப்பமாகச் சுருங்க வழியிருந்தது.

கல்வி உரிமை வேறொரு திசையில் வளர்ந்தது. 2002ஆம் ஆண்டின் 86ஆவது அரசமைப்புத் திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்கி, ஆறு வயதுக்குட்பட்டோரின் பராமரிப்பையும் கல்வியையும் 45ஆம் உறுப்பில் நெறிமுறையாக மட்டும் வைத்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் தன் 31ஆம் பிரிவில் ஆறு முதல் பதினெட்டு வயது வரையே கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்குகிறது. மருத்துவ உண்மையோ இதற்கு நேர்மாறானது. கேட்டலும் பேச்சும் மூளையில் வேரூன்றும் காலம் முதல் சில ஆண்டுகளே. தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் செவித்திறன் குறைந்த குழந்தைக்கான காக்ளியர் உள்வைப்பு ஆறு வயதுக்குட்பட்டோருக்கு என வரையறுக்கப்பட்டதும் இதனாலேயே. மருத்துவ வாய்ப்பு முடியும் வயதில் கல்வி உரிமை தொடங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வெளியைக் காக்க அங்கன்வாடி ஒன்றே உள்ளது.

அதனால்தான் உச்ச நீதிமன்றத்தின் தலையீடு முதன்மை பெறுகிறது. உணவு உரிமை வழக்கில் 2001 நவம்பர் 28ஆம் நாள் ஆணை ஒவ்வொரு குடியிருப்பிலும் மையம் வேண்டும் என்றது. 2006 டிசம்பர் 13ஆம் நாள் ஆணை மையங்களின் எண்ணிக்கையைப் 14 இலட்சமாக உயர்த்தப் பணித்தது. மையம் இருக்க வேண்டும் என்பது இவ்வாறு உறுதியாயிற்று. அது எவ்வாறு பிற சேவைகளோடு இணைய வேண்டும் என்பது திட்ட வரைவாளர்களிடம் விடப்பட்டது.

2013க்குப் பின்: நெடுவழியும் தாயின் கூலியும்

2013 பிப்ரவரியில் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் (ராஷ்ட்ரீய பால ஸ்வஸ்திய காரியகிரம்) பரிந்துரைச் சேவைக்கு முதன்முறையாக முழு உருவம் தந்தது. பிறவிக் குறை, சத்துக்குறை, நோய், வளர்ச்சித் தாமதம் என்னும் நான்கு வகைகளில் 30 நிலைகள் வரையறுக்கப்பட்டன. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். கண்டறியப்பட்ட குழந்தை மாவட்ட இடையீட்டு சேவை மையத்தில் மருத்துவம், உடலியக்கப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி ஆகியவற்றை ஓரிடத்தில் பெறும்.

அதிராம்பட்டினத்திலிருந்து நோக்கினால் இதன் ஆற்றலும் வரம்பும் ஒருங்கே புலப்படும். அங்கிருந்து பட்டுக்கோட்டை சுமார் 12 கிலோமீட்டர். மாவட்டத் தலைநகரான தஞ்சாவூர் அறுபது கிலோமீட்டர் அளவில் உள்ளது. காது கேட்கும் அளவை அறியும் சோதனைக்கு ஒருமுறை செல்வது இயலும். பேச்சுப் பயிற்சியும் உடலியக்கப் பயிற்சியும் வாரந்தோறும், மாதக்கணக்கில் தொடர வேண்டியவை. பேருந்துச் செலவோடு ஒருநாள் கூலியையும் இழந்து, மற்ற பிள்ளைகளைப் பிறரிடம் விட்டுச் செல்ல வேண்டிய தாய்க்கு, கட்டணமில்லாச் சேவையும் விலையுடையதே. பயிற்சி இடையில் நின்றால் அதைப் பெற்றோரின் அக்கறையின்மை எனக் குறிப்பது எளிது. வாய்க்காலின் நீளத்தைக் கணக்கில் கொள்ளாத குறிப்பு அது.

பிற நாட்டு அனுபவம் ஒன்று இங்கு ஒப்பிடத்தக்கது. அமெரிக்காவில் 1965இல் தொடங்கிய ஹெட் ஸ்டார்ட் திட்டம், 1972ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் குறைந்தது பத்து விழுக்காட்டு இடங்களை மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒதுக்கியது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி சென்று, பிறப்பு முதல் மூன்று வயது வரையிலான அத்தகைய குழந்தையின் குடும்பத்துக்கு எழுத்து வடிவச் சேவைத் திட்டமும், அதை நிறைவேற்றப் பெயர் குறிப்பிடப்பட்ட ஒருங்கிணைப்பாளர் ஒருவரும் வேண்டும் என்றது. அந்நாட்டின் நிதிவளத்தை நாம் ஒப்பிட இயலாது. எனினும் ஒரு குழந்தைக்கு ஒருவர் பொறுப்பு என்பது நிதியால் மட்டும் ஆவதன்று. கடமைப் பகுப்பால் ஆவது.

தமிழகத்தின் அண்மை முயற்சிகள் அத்திசையை நோக்கியவை. 2019 சனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டமை கல்வித் துறையையும் மையத்தையும் அருகருகே கொண்டுவந்தது. உலக வங்கி 2022இல் ஒப்புதல் அளித்த ‘உரிமைகள்’ திட்டம், மறுவாழ்வுச் சேவையை வட்டார அளவுக்கு இறக்க முனைகிறது. 2023 நவம்பர் 28ஆம் நாள் மத்திய அரசு வெளியிட்ட மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறை, அறிகுறிகளை அறிதல், குழந்தையை மையச் செயல்பாடுகளில் சேர்த்தல், குடும்பத்துக்குத் துணைநிற்றல், பரிந்துரைத்தல் ஆகியவற்றைப் பணியாளரின் கடமைகளாக வகுத்துள்ளது. 1975இல் ஆறாவதாக நின்ற சேவை 48 ஆண்டுகளுக்குப் பின் விளக்கமான செயல்முறையைப் பெற்றுள்ளது.

ஆனால் கடமை ஏறிய தோளும் நோக்கத்தக்கது. அங்கன்வாடிப் பணியாளருக்குப் பணிக்கொடை பெறும் தகுதி உண்டு என்பதை 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே கூற வேண்டியிருந்தது. உணவு, கல்வி, எடை, கைப்பேசிப் பதிவு ஆகியவற்றோடு வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிந்து பின்தொடர்வதும் அவருடையதாயின், அதற்கான நேரமும் பயிற்சியும் ஊதியமும் உடன்வர வேண்டும்.

முடிவுரை

எழுபதாண்டு வரலாற்றில் மூன்று நிலைகள் தெளிவாகின்றன. பால்வாடி, குழந்தைக்கு இடம் தந்தது. 1975க்குப் பிந்தைய மையம், உணவும் அளவையும் தந்தது. 1995 முதல் 2023 வரையிலான சட்டங்களும் திட்டங்களும், மாற்றுத்திறன் குழந்தையை அம்மையத்தின் கண்முன் நிறுத்தின. எஞ்சியிருப்பது, கண்ட குழந்தையைச் சேவை முடியும்வரை பின்தொடரும் பொறுப்பு. அப்பொறுப்பை எவருக்கும் தராதபோது அது தாய்மீதே விழுகிறது. தலைநகருக்கு அருகிலுள்ள தாய் அதைத் தாங்கக்கூடும். கடைமடைத் தாய் தாங்குவது அரிது.

எனவே வட்டார அளவில் இரு துறைகளுக்கும் பொதுவான ஒருவரைப் பெயர்சுட்டிப் பொறுப்பாக்குதல், பயிற்சியைப் பட்டுக்கோட்டை போன்ற வட்டத் தலைநகர்களில் கிடைக்கச் செய்தல், ஆறு வயதுக்குட்பட்டோரின் கல்வியையும் உரிமையாக்குதல் ஆகிய மூன்றும் இவ்வரலாறு சுட்டும் தேவைகள். தாய்சேய் அட்டைகள், மையப் பதிவேடுகள், தாய்மார்களின் வாய்மொழி வரலாறு ஆகியவற்றை ஊர்தோறும் தொகுத்தால், குழந்தைகள் எந்த மதகில் தேங்கி நின்றனர் என்பதை அடுத்துவரும் ஆய்வுகள் துல்லியமாகக் காட்ட இயலும்.