தாத்தா பாட்டி வராத கிறிஸ்துமஸ்: இங்கிலாந்து, 2020

இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் குழந்தைகளின் பண்டிகையாக மாறியது பெரும்பாலும் விக்டோரியா அரசியின் காலத்தில்தான். 1843இல் முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அச்சானது. 1848இல் அரசியும் ஆல்பர்ட் இளவரசரும் தங்கள் பிள்ளைகளுடன் அலங்கார மரத்தைச் சுற்றி நிற்கும் படத்தை 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' வெளியிட்டது. மரம் வைக்கும் வழக்கம் நடுத்தரக் குடும்பங்களுக்குள் வேகமாகப் பரவியது. கடையில் உட்கார்ந்து பரிசு கொடுக்கும் கிறிஸ்துமஸ் தாத்தா, பான்டோமைம் நாடகம், பள்ளிக்கூடத்தில் கிறிஸ்து பிறப்பு நாடகம், பாட்டி வீட்டு விருந்து என்று வழக்கங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இவை எல்லாவற்றுக்கும் ஆட்கள் கூட வேண்டும். அதுவும் மிகச் சிறியவர்களும் மிக முதியவர்களும் ஒரே அறையில் கூட வேண்டும். 2020இன் கொரோனாப் பெருந்தொற்று கைவைத்தது சரியாக அந்த இடத்தில்தான்.

1918இலும் ஒரு பெருந்தொற்றுக் கிறிஸ்துமஸ் வந்தது. நவம்பர் 11 அன்று போர் நின்றிருந்தது. இன்ஃபுளுவென்சாவின் கொடிய இரண்டாம் அலை அப்போதுதான் தணியத் தொடங்கியிருந்தது. பிரிட்டனில் அந்த நோய்க்குப் பலியானவர்கள் சுமார் 2,28,000 பேர். அன்றைய அரசு வீட்டு விருந்துகளைத் தடுக்கச் சட்டம் எதுவும் போடவில்லை. பள்ளிகளை மூடுவது அந்தந்த ஊர் மருத்துவ அதிகாரியின் முடிவாக இருந்தது. திரையரங்குகளுக்கு, காட்சிகளுக்கு இடையே காற்றோட்டம் செய்யும்படி விதி வந்தது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநில சுகாதாரத் துறை, உறவினர் வீடுகளுக்குப் போகாமல் அவரவர் வீட்டில் இருப்பதே அந்த ஆண்டில் அன்பைக் காட்டும் வழி என்று மக்களைக் கேட்டுக்கொண்டது. பிரிட்டனில் ராணுவத்திலிருந்த தகப்பன்மார் பலர் இன்னும் ஊர் திரும்பவில்லை, சர்க்கரை ரேஷனில்தான் கிடைத்தது. அந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பெருந்தொற்று, போரின் நீண்ட பஞ்சத்தோடு சேர்ந்த ஒன்றாகவே இருந்தது.

2020இன் கதை வேறு. இம்முறை யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதையே சட்டம் எழுதியது. நவம்பர் 24 அன்று பிரிட்டனின் நான்கு நாடுகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: டிசம்பர் 23 முதல் 27 வரை ஐந்து நாள், மூன்று வீட்டார் ஒன்றுகூடலாம். டிசம்பர் 15 அன்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலும் ஹெல்த் சர்வீஸ் ஜர்னலும் கூட்டாகத் தலையங்கம் எழுதி இந்தத் தளர்வைக் கைவிடச் சொன்னன. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தங்கள் வரலாற்றில் அவை கூட்டாக எழுதிய இரண்டாவது தலையங்கம் அது. தென்கிழக்கு இங்கிலாந்தில் வேகமாகப் பரவும் புதிய திரிபு ஏற்கெனவே தெரிந்திருந்தது. டிசம்பர் 19, சனிக்கிழமை மாலை, பிரதமர் போரிஸ் ஜான்சன் முடிவை மாற்றினார். லண்டனும் அதைச் சூழ்ந்த பகுதிகளும் மிகக் கடுமையான நான்காம் அடுக்குக் கட்டுப்பாட்டுக்குள் சென்றன. அங்கே 1.6 கோடிக்கு மேற்பட்டோருக்கு வேறு வீட்டாரோடு கிறிஸ்துமஸ் கிடையாது. இங்கிலாந்தின் மற்ற இடங்களில் ஐந்து நாள் ஒரே நாளாகச் சுருங்கியது. பரிசுப் பொருட்களைக் கட்டி வைத்து, ஊருக்குப் போக ரயில் டிக்கெட்டும் எடுத்துவிட்ட குடும்பங்களுக்கு மிச்சமிருந்தது ஆறு நாள். எத்தனை நாள் தூங்கி எழுந்தால் பாட்டி வீடு என்று எண்ணிக்கொண்டிருந்த பிள்ளையிடம் அந்தக் கணக்கு பொய்த்துவிட்டதைச் சொல்ல வேண்டிய வேலை பெற்றோருடையது.

அந்த விதிகளில் குழந்தைகளுக்கென்று எழுதப்பட்ட வரிகள் கூர்ந்து படிக்கத் தக்கவை. நான்காம் அடுக்கில் ஒருவர் தனியாக இருக்கும்போது, வேறு வீட்டைச் சேர்ந்த ஒருவரை மட்டும் பூங்கா போன்ற பொது வெளியில் சந்திக்கலாம். ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் கணக்கில் வரமாட்டார்கள். ஆக, மூன்றும் நான்கும் வயதான இரு பிள்ளைகளோடு ஒரு தாய் தன் தாயைப் பூங்காவில் பார்க்க முடியும். மூத்த பிள்ளைக்கு ஆறு வயது என்றால் முடியாது. டிசம்பர் 2 முதல், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள எந்த வீடும் இன்னொரு வீட்டோடு 'ஆதரவு வட்டம்' அமைத்துக்கொள்ளலாம் என்ற சலுகை வந்தது. கைக்குழந்தையோடு மாதக்கணக்கில் தனித்துக் கிடந்த தாய்மாருக்கு அந்த ஆண்டின் விதிகளிலேயே மிகவும் உதவிய ஒன்று இது. கோடைகாலத்திலேயே வந்திருக்க வேண்டியது. தனியாக வாழும் பாட்டிக்கும் அப்படியொரு வட்டம் உண்டு, ஆனால் ஒரே ஒரு வீட்டோடுதான். மகனுக்கும் மகளுக்கும் தனித்தனிக் குடும்பம் இருந்தால், எந்தப் பேரக்குழந்தைகள் என்பதை அவரே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

மற்ற ஐரோப்பிய நாடுகளும் இதே கேள்விக்கு விடை தேடின. வருகைக்கு அனுமதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையில் ஜெர்மனியும் இத்தாலியும் 14 வயதுக்குட்பட்டவர்களைச் சேர்க்கவில்லை. நெதர்லாந்து 13 வயதுக்குட்பட்டவர்களைச் சேர்க்கவில்லை. இத்தாலியில் இரவு 10 மணி ஊரடங்கு இருந்ததால் போப் பிரான்சிஸ் கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலியை 7.30 மணிக்கே நிறைவேற்றினார்.

சிறுவர்களின் கவலையோ வேறு: எல்லை மூடியிருந்தால் கிறிஸ்துமஸ் தாத்தா எப்படி வருவார்? பொறுப்பில் இருந்தவர்களே இதற்குப் பதில் சொன்னார்கள். கிறிஸ்துமஸ் தாத்தாவின் பயணம் இன்றியமையாதது, 14 நாள் தனிமைப்படுத்தல் அவருக்கில்லை என்று அயர்லாந்து வெளியுறவு அமைச்சர் சைமன் கோவனி நாடாளுமன்றத்திலேயே அறிவித்தார். உலக சுகாதார நிறுவனத்தின் மரியா வான் கெர்கோவ், அவருக்கு நோய் எதிர்ப்பு சக்தி உண்டு, ஆனாலும் பிள்ளைகள் அவரிடமிருந்து தள்ளியே இருக்க வேண்டும் என்றார். தாமே வட துருவம் போய் அவருக்குத் தடுப்பூசி போட்டதாக அமெரிக்காவின் தொற்றுநோய் நிபுணர் ஆன்டனி ஃபௌச்சி தொலைக்காட்சியில் குழந்தைகளிடம் சொன்னார். பலகாரத்துக்குப் பக்கத்தில் சானிடைசர் வைத்தால் தாத்தா வரலாமா என்று எழுதிக் கேட்ட எட்டு வயதுச் சிறுவனுக்கு ஜான்சன், நிபுணர்களையும் கலந்தாலோசித்துப் பதில் எழுதினார். நூறு எச்சரிக்கைப் பலகைகள் சொல்ல முடியாததை இந்தப் பதில்கள் நான்கு வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்லிவிட்டன. நியூயார்க்கின் மேசிஸ் கடையில் மட்டும், ஏறத்தாழ 160 ஆண்டுகளில் முதல்முறையாகத் தாத்தா நேரில் உட்காரவில்லை.

பள்ளிகளில் கிறிஸ்து பிறப்பு நாடகம் நின்றுவிடவில்லை. ஒவ்வொரு வகுப்பையும் தனியாகப் படம்பிடித்து ஒட்டினார்கள், அல்லது பார்வையாளர் இல்லாமல் நடத்தி நேரலையில் காட்டினார்கள். அயல்நாட்டிலிருந்த உறவினரும் பார்க்க முடிந்தது ஒரு லாபம். மேடையில் நிற்கும் குட்டி இடையன் கூட்டத்தில் அம்மாவின் முகத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது மட்டும் எந்தக் காணொளியிலும் நடக்கவில்லை.

தேவாலய வழக்கங்களில் வீட்டுக்குள் மிக எளிதாக இடம் மாறியது கிறிஸ்டிங்கிள். 1747இல் ஜெர்மனியின் மரியன்போர்னில் மொராவியத் திருச்சபைப் போதகர் யோஹானஸ் டி வாட்டெவில் குழந்தைகளுக்குச் சிவப்பு நாடா சுற்றிய மெழுகுவர்த்திகளைக் கொடுத்ததில் தொடங்கியது அது. 1968இல் ஜான் பென்சம் அதை லிங்கன் பேராலயத்தில் சிறுவர் நலச் சங்கத்துக்காக நடத்தியபின் இங்கிலாந்து முழுவதும் பரவியது. ஓர் ஆரஞ்சுப் பழம், அதாவது உலகம். அதன் இடுப்பைச் சுற்றிக் கிறிஸ்துவின் இரத்தத்தைக் குறிக்கும் சிவப்பு நாடா. உலர்திராட்சையோ மிட்டாயோ கோத்த நான்கு குச்சிகள். உச்சியில் துளையிட்டு நட்ட மெழுகுவர்த்தி. 2020இல் ஆராதனை கணினித் திரையில் நடக்க, இதைச் சமையலறை மேசையில் செய்தார்கள். குச்சியில் ஏறுவதற்கு முன்பே பாதி மிட்டாய் வாய்க்குள் போய்விடும் வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வழிபாடு இல்லை.

தெருக்களிலும் புதிதாகச் சில வழக்கங்கள் தோன்றின. ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டு ஜன்னல் அலங்காரத்தோடு வெளிச்சமாகும். பிள்ளைகள் சாயங்காலம் நடந்து போய்ப் பார்ப்பார்கள். டிசம்பர் 24 மாலை 6 மணிக்கு வாசலில் நின்று மணியடிக்கும் யோசனை வட இங்கிலாந்தின் ஹாரகேட்டில் ஒரு தாயிடமிருந்து கிளம்பி நாடு முழுவதும் சென்றது. சூம் நிறுவனம் இலவசக் கணக்குகளின் 40 நிமிட வரம்பைப் பண்டிகைக்காக நீக்கியது. இரண்டு வயதுக் குழந்தையைத் திரைமுன் பிடித்து உட்காரவைக்க அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை.

கட்டுப்பாட்டின் நியாயம் ஜனவரியில் தெரிந்தது. டிசம்பரில் தளர்த்திய அயர்லாந்து, ஜனவரி நடுவில் மக்கள்தொகை விகிதத்தில் உலகிலேயே மிக அதிகத் தொற்று கண்ட நாடுகளில் முன்னால் நின்றது. கடைசி நேரத்தில் மட்டுமே இறுக்கிய பிரிட்டனில் ஜனவரி 20 அன்று ஒரே நாளில் 1,820 இறப்புகள் பதிவாயின. இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகள் பல ஜனவரி 4 அன்று ஒரு நாள் திறந்து மறுநாளே மூடின. எல்லாப் பிள்ளைகளும் வகுப்புக்குத் திரும்பியது மார்ச் 8க்குப் பிறகுதான். 2021 டிசம்பரில் ஒமிக்ரான் திரிபு பரவியபோது முதியவர்கள் பெரும்பாலும் தடுப்பூசி போட்டிருந்தார்கள். அந்தக் கிறிஸ்துமஸில் இங்கிலாந்து வீடுகளில் எத்தனை பேர் கூடலாம் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை.